ரோட்டுக்கு அடியில் ஒரு வால்வு



‘உள்ளூர்த் திட்டப் பகுதி’ என்று ஒரு சொல் உண்டு. அமைப்பியல் துறையில் படிக்கும் நமக்கே அது டவுன் பிளானிங் பாடத்தில் வரும் ஒரு இரண்டு மார்க் கேள்வி. பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவோம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் நண்பர்களோ ‘இது சிவில்காரங்க சமாச்சாரம்’ என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். தயவுசெய்து போக வேண்டாம். உங்கள் வீட்டுக் குழாயும், நீங்கள் ஏறி வந்த பஸ்ஸும், நேற்று ராத்திரி போய்ப் போய் வந்த கரண்டும் அந்த ஒரே சொல்லுக்குள்தான் அடங்கியிருக்கின்றன.

தமிழ்நாட்டில் நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. ஒரு நகரம் தன் எல்லைக்குள் மட்டும் வளர்வதில்லை, சுற்றியிருக்கும் பேரூராட்சி, கிராமம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டுதான் வளர்கிறது. அதனால் நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து ஒரு கோடு போட்டு, அதை உள்ளூர்த் திட்டப் பகுதி என்று அறிவிக்கிறார்கள். அந்தப் பகுதிக்கு ஒரு முழுமைத் திட்டம் போட வேண்டும். போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்று இருக்கிறது. ‘இப்போது என்ன இருக்கிறது?’ என்று எழுதுவது. எந்த ரோடு எவ்வளவு அகலம், எந்தக் குழாய் எந்த வழியாகப் போகிறது, சாக்கடை எங்கே முடிகிறது, மின் கம்பி எங்கே நிற்கிறது என்று முதலில் குறிக்க வேண்டும். அப்புறம்தான் ‘இனி என்ன வேண்டும்’ என்ற கேள்வி.

கேட்க ரொம்ப சுலபமாக இருக்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் தெருவை நானே ஒரு ஷீட்டில் வரையப் போன பிறகுதான் அந்த முதல் கேள்வி எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரிந்தது.

நம்ம கோவையின் கணக்கு

முதலில் பெரிய படத்தைப் பார்ப்போம். கோவை மாநகராட்சி 2011-இல் அக்கம்பக்கத்து ஊர்களைச் சேர்த்துக்கொண்ட பிறகு ஏறத்தாழ 257 சதுர கி.மீ. ஆனால் உள்ளூர்த் திட்டப் பகுதி 1,500 சதுர கி.மீட்டருக்கும் மேல். அதாவது மாநகராட்சியைப் போல ஆறு மடங்கு. டவுன் என்று நாம் சொல்வது நடுவில் ஒரு துண்டு. மீதியில் தென்னந்தோப்பும் ஃபவுண்டரியும் சைட் போட்ட பூமியும் எங்கள் ஊர் மாதிரி ஊர்களும்தான் இருக்கின்றன.

கோவைக்கு முதல் முழுமைத் திட்டம் 1994-இல் வந்தது. அதற்கு அடுத்தது 2041-ஆம் ஆண்டை மனதில் வைத்து 2025-இல் வந்தது. நடுவில் 31 வருஷம்! நான் பிறந்து, வளர்ந்து, பத்தாவது எழுதி, டிப்ளமோவில் சேர்ந்து, டம்பி லெவலைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட வரைக்கும் 1994-ஆம் வருஷத்துக் கணக்குதான் நடப்பில் இருந்தது. இந்த 31 வருஷத்தில் ஊர் சும்மா இருந்ததா? இல்லை. குழாய் போட்டார்கள், ரோடு போட்டார்கள், ரோட்டைத் தோண்டினார்கள், மறுபடி போட்டார்கள். அவ்வளவும் யார் ஞாபகத்தில் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ரோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கோவை வரைபடத்தைப் பார்த்தால் சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி இருக்கும். அவினாசி ரோடு, திருச்சி ரோடு, பொள்ளாச்சி ரோடு, பாலக்காட்டு ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, சத்தி ரோடு என்று எல்லாம் நடுவிலிருந்து வெளியே ஓடும். கம்பி இருக்கிறது, ஆனால் சக்கரத்தின் வளையம் முழுசாக இல்லை. கிழக்கே நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை ஏறத்தாழ 28 கி.மீ. புறவழிச்சாலை ஒரு பாதி வளையமாக இருக்கிறது. அதனால் ஒரு புறநகரிலிருந்து இன்னொரு புறநகருக்குப் போக வேண்டுமானால் நடு டவுனுக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டியிருக்கிறது. எல்லாரும் நடுவில் போய் முட்டிக்கொள்கிறோம். முட்டும் இடத்தில் மேம்பாலம் கட்டுகிறார்கள். உக்கடம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறந்தது. அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்து, ஜி.டி.நாயுடு பெயர் வைக்கப்பட்டது. கார்காரர்களுக்கு நிஜமாகவே நேரம் மிச்சம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாலத்துக்குக் கீழே ஸ்டாப்பில் நிற்கும் டவுன் பஸ் பயணிக்கு அந்தப் பாலம் ஒரு நிழல்தான்.

ரயிலும் இங்கே புதுசு இல்லை. போத்தனூருக்கு ரயில் வந்தது 1862-இல். போத்தனூர் – பொள்ளாச்சிப் பாதை அகலப் பாதையாகி மறுபடி ஓட ஆரம்பித்தது 2017-இல்.

தண்ணீருக்கு மேற்கே சிறுவாணி. அணை இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில். மலையில் குகைப்பாதை குடைந்து தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். உயரத்திலிருந்து தானாகவே இறங்கி வருகிறது. வடக்கே பவானி ஆற்றில் பில்லூர் அணை. அங்கிருந்து வருகிற மூன்றாவது குடிநீர்த் திட்டம் 2024-இல் தொடங்கியது. தெற்கே ஆழியாறு. மின்சாரம் என்றால் பைக்காரா. 1932-இல் நீலகிரியில் தண்ணீர் விழ, இங்கே கோவையில் மில் சக்கரம் சுற்றியது. மலையும் மலைத் தண்ணீரும் இல்லாவிட்டால் இந்த ஊரே இல்லை.

இவ்வளவும் இருக்கிறது. அப்புறம் ஏன் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை?

எங்க தெரு

எங்கள் ஊர் போத்தனூருக்கு அப்பால், மாநகராட்சிக்கு வெளியே, ஆனால் உள்ளூர்த் திட்டப் பகுதிக்கு உள்ளே. ஊராட்சி. எங்கள் தெருவுக்கு மேட்டுத் தெரு என்று பேர். பேரிலேயே விடை இருந்திருக்கிறது. பதினெட்டு வருஷமாக யாரும் கவனிக்கவில்லை!

கொங்கு நாட்டுக்காரர்களுக்குத் தெரியும், வீட்டில் இரண்டு தண்ணி உண்டு. உப்புத் தண்ணி, நல்ல தண்ணி. உப்புத் தண்ணி போர் தண்ணி. துணி துவைக்க, பாத்திரம் கழுவ. நல்ல தண்ணி கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருவது. குடிக்க, சமைக்க. இந்த நல்ல தண்ணி எங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்பதை நான் 60 நாள் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ஏழு முறை வந்தது. அந்த ஏழில் ஐந்து முறை பகல் பத்து மணிக்கு மேல்.

பகலில் வந்தால் என்ன என்று கேட்கலாம். அம்மா கிரைண்டர் கம்பெனியில் தினக்கூலி. ‘நல்ல தண்ணி வந்திருச்சு’ என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தால் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வர வேண்டும். அரை நாள் கூலி 200 ரூபாய். ஐந்து முறைக்கு 1,000 ரூபாய். என் மினி டிராஃப்டர், டிராயிங் ஷீட், நோட்டு எல்லாவற்றையும் அந்த ரூபாயில் வாங்கியிருக்கலாம். குழாய்த் தண்ணி இலவசம் என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு மாசத்துக்கு 1,000 ரூபாய் ஆகிற இலவசம்.

அளவையும் பாருங்கள். எங்கள் வீட்டில் டிரம், குடம், அண்டா எல்லாம் நிறைந்தால் 900 லிட்டர். ஐந்து பேர். எட்டு நாளைக்கு ஒரு முறை என்றே வைத்துக்கொண்டால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 22½ லிட்டர். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்குச் சொன்ன அளவு ஆளுக்கு 55 லிட்டர். பாதாள சாக்கடை உள்ள நகரத்துக்கு நம் பாடப் புத்தகம் சொல்லும் அளவு 135 லிட்டர். ஒரே திட்டப் பகுதி. ஒரே மலைத் தண்ணீர். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் ஒரு கணக்கு.

தண்ணி திறந்து விடுகிற அண்ணனிடம் போய்க் கேட்டேன். ‘நானென்ன அம்மிணி பண்றது? மூணு டேங்க்கு, ஒரே ஆளு. தண்ணி இருக்கறப்ப கரண்டு இருக்காது, கரண்டு இருக்கறப்ப தண்ணி இருக்காது’ என்றார். அவர் சொன்னது வெறும் பேச்சு இல்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையிலிருந்து சாயந்திரம் வரை மோட்டார் ஓடாது. தொட்டி நிறையாது. அடுத்த நாள் முறை தள்ளிப் போகும். அதற்கு அடுத்த தெருவின் முறையும் தள்ளிப் போகும். மின் கம்பியைக் குறித்த வரைபடம் ஒரு அலுவலகத்தில், தண்ணீர்க் குழாய் வரைபடம் வேறொரு அலுவலகத்தில், ரோடு இன்னொரு அலுவலகத்தில். ஆனால் எங்கள் வீட்டுக் குடத்தில் எல்லாம் ஒன்றாகத்தான் வந்து சேர்கிறது.

டியூப்பில் அளந்த மேடு

எங்கள் சர்வே சார் ஒருநாள், ‘உங்க தெருவை ஒரு ஷீட்ல கொண்டு வாங்க. ரோடு, குழாய், சாக்கடை, போஸ்ட் எல்லாம் இருக்கணும்’ என்றார். காலேஜ் டம்பி லெவலை வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். எங்கள் மாமா கொத்தனார். அவரிடம் மட்டம் பார்க்கும் டியூப் இருந்தது. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டியூப், 15 மீட்டர் நீளம். தண்ணீர் தன் மட்டத்தைத் தானே காட்டும். ஐந்து லட்ச ரூபாய் மெஷினுக்கும் இதே தத்துவம்தான்.

நானும் தங்கச்சியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தெருவில் டியூப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தண்ணித் தொட்டியிலிருந்து எங்கள் வீடு வரை 420 மீட்டர், 28 நிலை. ‘சிவில் இஞ்சினியரு வந்துட்டாங்கடோய்’ என்று பொடிப்பசங்க கத்தினார்கள். பரவாயில்லை என்று பிடித்தோம்.

வந்த விடை இதுதான். தொட்டி நிற்கும் தரையைவிட எங்கள் வீட்டு வாசல் 3.9 மீட்டர் உயரம். தொட்டியின் அடிமட்டம் தரையிலிருந்து 9 மீட்டர். ஆக எங்கள் வீட்டுக்குக் கிடைக்கும் அழுத்தம் 5.1 மீட்டர். தொட்டி நிறைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும், ஆனால் அந்தக் கொஞ்சத்தைக் குழாயின் உராய்வு தின்றுவிடும். ஒரு மாடி வீட்டுக்கே குழாய் முனையில் குறைந்தது 7 மீட்டர் வேண்டும் என்பது நாம் படிக்கும் விதி. அதோடு வழியில் நாற்பது வீடு. அதில் சிலர் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். கீழ்த் தெருவில் எல்லாரும் பிடித்து முடித்து மூடிய பிறகு மிச்சம் இருந்தால் மேட்டுத் தெருவுக்கு. யாரும் வேண்டுமென்று எங்களுக்குத் தண்ணி விடாமல் இல்லை. தண்ணீருக்கு மேட்டில் ஏறத் தெரியாது, அவ்வளவுதான்.

ஷீட்டை 1:1000 அளவில் வரைந்தேன். தெரு முழுதும் 42 சென்டிமீட்டரில் அடங்கியது. தொட்டி ஒரு ஓரம், எங்கள் வீடு மறு ஓரம், ஒவ்வொரு குழாய்க்கும் பக்கத்தில் உயரம். அன்றைக்கு ராத்திரி அம்மா பாத்திரம் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஷீட்டை ஒரு சுற்றுப் பார்த்தவர், கோட்டின் கடைசியில் விரலை வைத்து, ‘இது நம்ம ஊடு தான கண்ணு?’ என்றார். ‘எப்படீங்கம்மா கண்டுபிடிச்சீங்க?’ என்றேன். ‘தண்ணி கடைசியா வர்ற எடம் எனக்குத் தெரியாதா?’ என்றார்.

நண்பர்களே, படம் படிக்கத் தெரிவதற்குப் படிப்பு வேண்டும் என்று யார் சொன்னது?

புதைந்து போன வால்வு

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை. அந்த ஷீட்டை எடுத்துக்கொண்டு அம்மாவோடும் தெருப் பெண்கள் சிலரோடும் போனேன். பேசப் போவது நான் என்றுதான் நினைத்திருந்தேன். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. அம்மாதான் எழுந்து ஷீட்டை விரித்துப் பிடித்து, ‘ஏனுங்க, எங்க தெரு பதிமூணு அடி மேட்டுல இருக்குதுங்க. எல்லாத்துக்கும் ஒண்ணாத் தொறந்து விட்டா எங்களுக்கு எப்பிடீங்க வரும்? எம்புள்ளை அளந்து வெச்சிருக்குது பாருங்க’ என்றார். 3.9 மீட்டரை அடியாக்கி அம்மாவிடம் சொன்னது நான். ஆனால் அந்தத் தைரியம் நான் சொல்லிக் கொடுத்தது இல்லை.

கூட்டம் நடத்திய அதிகாரி ஷீட்டை வாங்கிப் பார்த்தார். கீழ்த் தெருவையும் மேட்டுத் தெருவையும் தனித்தனியாகத் திறக்க நடுவில் வால்வு ஒன்று வேண்டும், புதுசாகப் போடப் பணம் ஒதுக்க வேண்டும், நாளாகும் என்றார். அப்போதுதான் தண்ணி விடுகிற அண்ணன், ‘பழசு ஒண்ணு இருக்குதுன்னு எனக்கு முன்னாடி வேலை பார்த்த பெரியவர் சொல்லுவாருங்க. எங்கன்னுதான் தெரியலீங்க’ என்றார். ‘எடத்தைக் காட்டுங்க, தோண்டச் சொல்றேன்’ என்றார் அதிகாரி.

அந்தப் பெரியவர் எங்கள் ஊர்தான். வேலையை விட்டு ரொம்ப வருஷமாகிறது. ‘அப்புச்சி, வால்வு எங்கீங்க இருக்குது?’ என்று கேட்டேன். ‘வேப்ப மரத்துக்கு நேரா’ என்றார். வேப்ப மரத்தை ரோடு அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள். கொஞ்ச நேரம் யோசித்தார். ‘மாரியம்மன் கோயில் மூலையிலிருந்து பன்னெண்டு தப்படி. பாலத்துக் கல்லுலருந்து ஒம்பது தப்படி. நாந்தான் எண்ணி வெச்சேன். எழுதி வெக்க எனக்கெங்க எழுத்துத் தெரியும்? ரோட்டு மேல ரோடு போட்டுப் போட்டு உள்ள போயிருச்சு’ என்றார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது! நண்பர்களே, செயின் சர்வேயில் முதல் பாடம் என்ன? தெரிந்த இரண்டு புள்ளியிலிருந்து இரண்டு தூரம் இருந்தால் தெரியாத மூன்றாவது புள்ளியைக் குறிக்கலாம். பள்ளிக்கூடமே போகாத அப்புச்சி அதைத் தலைக்குள்ளே முப்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்தார்.

அவர் தப்படி இரண்டரை அடி என்றார். கோயில் மூலையிலிருந்து 9.1 மீட்டர், பாலத்துக் கல்லிலிருந்து 6.9 மீட்டர். சாக்கட்டியும் கயிறும் வைத்து ரோட்டில் இரண்டு வில் போட்டோம். இரண்டு வில்லும் இரண்டு இடத்தில் வெட்டும். ஒன்று ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்குள். அது இல்லை. மற்றது ரோட்டின் நடுவில். தப்படி என்பது கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அதனால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு மீட்டர் சதுரம் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஊராட்சி ஆட்கள் வந்தார்கள். முதல் குழியில் ஒன்றும் இல்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இரண்டாவது குழியில் ஒன்றரை அடி ஆழத்தில் கடப்பாரை ‘டங்’ என்றது. தார் அப்பிய இரும்பு மூடி. அதற்குக் கீழே மண் மூடிய தொட்டியில் வால்வு.

துருப்பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, கிரீஸ் போட்டு, உள்ளே பேக்கிங் மாற்றி, இரண்டு நாள் மல்லுக்கட்டித் திருப்பினார்கள். இப்போது மேட்டுத் தெருவுக்குத் தனி முறை. கீழ்த் தெரு கிளையை மூடிவிட்டு எங்களுக்கு மட்டும் திறக்கிறார்கள். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு பாதியானால் உராய்வு இழப்பு ஏறத்தாழ கால் பங்காகிவிடும். ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் மனப்பாடம் செய்த அந்த வரி எங்கள் வீட்டு வாசலில் ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். முன்னால் ஒரு குடம் நிறைய ஆறு நிமிஷம். இப்போது ஒன்றரை நிமிஷம். தண்ணி விடுகிற அண்ணன் எங்கள் முறையைக் காலை ஐந்தரைக்கு வைத்துக்கொண்டார். முந்தின நாள் சாயந்திரமே தெரு வாட்ஸ்அப்பில் குரலில் சொல்லிவிடுகிறார். அதற்கப்புறம் அம்மா தண்ணிக்காக அரை நாள் லீவு போடவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 5.1 மீட்டர் இன்னமும் 5.1 மீட்டர்தான். தொட்டியை உயர்த்தினால் ஒழிய அது மாறாது. எட்டு நாளைக்கு ஒரு முறை என்பதும் மாறவில்லை. ஆனால் ஒரு ரூபாய் புதுக் குழாய் போடாமல் இவ்வளவு நடந்தது. இருப்பது எங்கே என்று தெரிந்ததால் நடந்தது.

பஸ் என்ன ஆச்சு?

தண்ணிக்கு ஒரு வால்வு கிடைத்தது. பஸ்ஸுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊருக்குக் காலை 7.10-க்கு ஒரு டவுன் பஸ். சாயந்திரம் உக்கடத்திலிருந்து 6.15, அப்புறம் 8.40. நடுவில் ஒன்றும் இல்லை. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது வந்திருக்காவிட்டால் நான் ஐ.டி.ஐ.கூடப் போயிருக்க மாட்டேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் டிக்கெட் இலவசமாக இருந்தால் மட்டும் போதாது, பஸ் வர வேண்டுமல்லவா? 60 நாளில் 7.10 பஸ் 9 நாள் வரவில்லை. ரயில்வே கேட் போட்டு முதல் பீரியட் போனது 11 நாள். லேப் நீண்டு 6.15-ஐ விட்டால் 8.40 வரை உக்கடத்தில் நிற்க வேண்டும். இறங்கும் இடத்திலிருந்து வீடு வரை போஸ்ட் ஐந்து, எரிகிற விளக்கு இரண்டு.

சேரும்போதே அப்பா சொன்னார், ‘பஸ்ஸு இருக்கற வரைக்கும் படி அம்மிணி. பஸ்ஸு நின்னு போச்சுன்னா அப்பறம் யோசிக்கலாம்.’ அப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் ஃபவுண்டரியில் ராத்திரி ஷிப்ட். எட்டே முக்காலுக்கு வந்து ஸ்டாப்பில் நிற்க அவரால் முடியாது. தங்கச்சி அடுத்த வருஷம் பிளஸ் டூ முடிக்கிறாள். அவள் நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள். அவள் படிப்பு மார்க்கில் மட்டும் இல்லை, அந்த 7.10-லும் இருக்கிறது.

60 நாள் பஸ் கணக்கையும் ஊர் மாணவிகள் 14 பேரின் கையெழுத்தையும் சேர்த்து மனுக் கொடுத்திருக்கிறோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள். இதை எழுதும் வரை பதில் இல்லை. மறுபடி போவோம். இந்த முறை 100 நாள் கணக்கோடு போவோம்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய திட்டங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்து கி.மீ. பாலமும் வேண்டும், மலையிலிருந்து மூன்றாவது குழாயும் வேண்டும். ஆனால் அந்தப் பெரிய குழாய் கடைசியில் வந்து சேர்வது மேட்டுத் தெரு மாதிரி ஒரு தெருவுக்குத்தான். அந்தத் தெருவில் என்ன இருக்கிறது என்பது அப்புச்சி மாதிரி ஒருவரின் ஞாபகத்தில் இருக்கிறது. அவருக்கு வயது எழுபத்தெட்டு. அவரைப் போல ஒவ்வொரு ஊரிலும் ஒரு வால்வுக்காரர், ஒரு வயர்மேன், ஒரு ரோடு மேஸ்திரி இருப்பார். அவர்கள் போய்விட்டால் அந்த வரைபடமும் போய்விடும். எத்தனை மெஷின் வைத்தாலும் அப்புறம் கிடைக்காது.

நம் காலேஜில் எத்தனை ஊரிலிருந்து வருகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். நம் பஸ் பாஸ்களை மட்டும் அடுக்கினாலே பாதி உள்ளூர்த் திட்டப் பகுதி வந்துவிடும். ஆளுக்கு ஒரு தெரு. ஒரு டேப், ஒரு டியூப், ஒரு ஷீட். சிவில் மாணவர் குழாயையும் ரோட்டையும் வரையட்டும். எலெக்ட்ரிகல் மாணவர் டிரான்ஸ்ஃபார்மரையும் எரியாத விளக்கையும் குறிக்கட்டும். கம்ப்யூட்டர் நண்பர்கள் அதையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கட்டும். வால்வு எங்கே, சாக்கடை எந்தப் பக்கம் சாய்கிறது, பஸ் எத்தனை மணிக்கு நிஜமாக வருகிறது என்பதை மட்டும் எழுதினால் போதும். கீழே அளந்தவர் பெயரும் தேதியும் இருக்கட்டும்.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அந்த ஷீட்டுகளை வைக்க நூலகத்தில் ஒரு அலமாரித் தட்டு ஒதுக்குங்கள். வருஷா வருஷம் ஜூனியர்கள் அதைத் திருத்தட்டும். நம் எல்லாருக்கும் வேலை எங்கே கிடைக்கும், எந்த ஊருக்குப் போவோம் என்று தெரியாது. ஆனால் நாம் போன பிறகும் நம் ஊரில் ஒருத்தர் குழாயைத் திறப்பார், ஒரு பொண்ணு பஸ்ஸுக்கு நிற்பாள். அவர்களுக்கு உதவும்.

என் ஷீட்டை முதல் ஷீட்டாகத் தருகிறேன். வால்வு இருக்கும் இடத்தைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். கோயில் மூலையிலிருந்தும் பாலத்துக் கல்லிலிருந்தும் இந்த முறை டேப்பில் அளந்த தூரம் எழுதியிருக்கிறது. நாளைக்கு மறுபடி ரோடு போட்டாலும் கண்டுபிடித்துவிடலாம்.

– இரண்டாம் ஆண்டு மாணவி,
அமைப்பியல் துறை